தேயிலைப் புழுவைக் கொல்லும் இயற்கை வைரஸ்

வெஸ்ட்கேட் சுப்பர் மார்க்கெட்டில் நாம் வாங்கும் இலங்கைத் தேயிலை, மலையகத்தில் எமது உறவுகளின் கைகளால் பறிக்கப்பட்டது. அந்தக் கொழுந்தைப் புழுக்களும் தின்கின்றன. அவற்றுக்கு அடிக்கும் இரசாயன மருந்து தெளிப்பவரின் மூச்சிலும் பறிப்பவரின் விரலிலும் படுகிறது. எஞ்சியது ஏற்றுமதிப் பரிசோதனையில் தெரியவருகிறது. இதற்கு மாற்றாகப் புழுக்களுக்கு இயற்கையாகவே வரும் வைரஸ் நோயைப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு.

வைரஸ் என்றதும் நாம் பயப்படுவது இயல்பு. ஆனால் இங்கு பயன்படும் பக்குலோவைரஸ் இனம் பூச்சிகளையும் அவற்றுக்கு நெருங்கிய சில உயிர்களையும் மட்டுமே தாக்கும். மனிதரிலோ, கால்நடையிலோ, பறவையிலோ அது பெருகாது. பெரும்பாலும் ஒரு வைரஸ் ஓரிரு வகைப் புழுக்களையே கொல்லும். அதனால் தேனீயும், புழுவைத் தின்னும் நல்ல பூச்சிகளும் தப்பிவிடும்.

இந்த வைரஸ் ஒரு புரத உறைக்குள் இருக்கும். இலையோடு சேர்த்துப் புழு அதை விழுங்கும். புழுவின் குடல் கடும் காரத்தன்மை கொண்டது என்பதால் உறை கரைந்து வைரஸ் வெளிவந்து, உடலெங்கும் பெருகும். சில நாட்களில் புழு தின்பதைக் குறைத்து இறக்கும். பல இனங்களில் உடல் கூழாகி வெடிக்க, அதிலிருந்து சிதறும் வைரஸ் அடுத்த புழுக்களுக்குத் தொற்றும்.

தேயிலையில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது யப்பான். அங்கு ககோஷிமா மாகாணத்தில் இலைகளைச் சுருட்டி உள்ளே வாழும் இரண்டு வகைப் புழுக்களுக்கு எதிராக 1990களில் வைரஸ் தெளிக்கப்பட்டது. 1995 இல் அது 5,850 ஹெக்டெயரை எட்டியது. ஆண்டின் தொடக்கத்தில் வரும் தலைமுறைக்கு அடித்தால், பின்வரும் தலைமுறைகளுக்கும் நோய் தொடர்ந்தது. சீனாவிலும் தேயிலைப் புழுக்களுக்கு வைரஸ் மருந்துகள் பாவனையில் உள்ளன. வட இந்தியத் தோட்டங்களைத் தாக்கும் காவடிப் புழுவிலும் இத்தகைய வைரஸ் கண்டறியப்பட்டு ஆராயப்படுகிறது. நாம் வாழும் நியூசிலாந்தில் அப்பிள் பழத்தைத் துளைக்கும் புழுவுக்கு இதே குடும்ப வைரஸைத் தெளிக்கிறார்கள்.

இயற்கை எதிரியைத் துணைக்கு அழைப்பது இலங்கைக்குப் புதிதல்ல. யப்பானியப் புழுக்களில் ஒன்றின் நெருங்கிய இனமான இலைச்சுருட்டிப் புழு அங்கும் பெரும் நட்டம் தந்தது. 1935-36 இல் யாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு குளவி அதைக் கட்டுப்படுத்தியது. பின்னர் கிளையைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் அடித்தபோது குளவியும் மடிந்தது, புழு மீண்டும் பெருகியது. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்து இன்னொரு பூச்சியை வளர்த்துவிட்டது.

வைரஸ் முறைக்கும் குறைகள் உண்டு. புழு சாகப் பல நாள் எடுக்கும். வெயிலின் புறஊதாக் கதிர் வைரஸைச் சிதைக்கும் என்பதால் மாலையில் தெளிப்பது நல்லது. புழு சிறிதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். உயிருள்ள புழுக்களை வளர்த்தே பெரும்பாலும் வைரஸைப் பெருக்குவதால் உற்பத்திச் செலவும் கூட. இந்த ஆயத்தங்கள் இல்லாமல் இரசாயனத்தை நிறுத்த முடியாது. 2021 இல் இலங்கை இரசாயன உரத்தையும் பூச்சிநாசினியையும் திடீரெனத் தடைசெய்து, விளைச்சல் விழுந்தபின் அதே ஆண்டிலேயே பின்வாங்கியதை நாம் பார்த்தோம்.

கணக்கெழுதும் தொழிலில் இருக்கும் எம் போன்றவர்களுக்கு ஒன்று தெரியும். தோட்டத்தின் செலவேட்டில் மருந்தின் விலை இருக்கும். அதைத் தெளித்தவரின் நோயும், அழிந்த குளவியும், திருப்பி அனுப்பப்பட்ட தேயிலையின் காரணமும் அந்த வரியில் இராது. இவற்றையும் சேர்த்துக் கூட்டினால் வைரஸ் முறை அவ்வளவு விலையுயர்ந்ததாகத் தெரியாது. தேயிலை வாங்கும்போது அது எப்படி விளைந்தது, பறித்தவருக்கு என்ன பாதுகாப்பு இருந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மலையகத்தோடு உறவு பேசும் நமக்கு அது கடமையும்கூட.