இக்போ மொழியின் இணைச்சொற்களும் அவற்றின் பொருள்நிலையும்

நைஜீரியாவின் தென்கிழக்கே, நைஜர் ஆற்றின் இரு மருங்கிலும் வாழும் இக்போ மக்களின் மொழியில், 'நா' என்னும் உம்மைச்சொல்லால் பிணைக்கப்பட்டு, ஒன்றையொன்று பிரியாது வழங்கும் பெயர்ச்சொல் இணைகள் பல உள. அவற்றை வெறும் சொல்லலங்காரமாகக் கொள்ளுதல் எளிது. ஆயினும், இரண்டனைச் சொல்லி மூன்றாவதொன்றை உணர்த்துவதே அவற்றின் இயல்பு என்பதும், அம்மூன்றாவது பொருள் பிறக்கும் விதம் எல்லா இணைகளிலும் ஒருபடித்தன்று என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

'எசி' என்பது முற்றம். 'உலோ' என்பது வீடு. 'எசி நா உலோ' என்றவிடத்து முற்றமும் வீடும் மறைந்து, அவற்றில் வாழும் குடும்பமே பொருளாகிறது. உயிரொன்று கெட்டு 'எசினுலோ' என ஒரு சொல்லாகவும் அது இறுகிவிட்டது. உம்மை விரிந்தே நின்றும் பொருள் அன்மொழியாகப் பிறப்பது இதன் விசேஷம். 'அகு நா உபா' என்பதிலோ, செல்வமும் பெருக்கமுமாகிய நெருங்கிய பொருளுடைய சொற்கள் கூடிச் செல்வவளத்தைப் பொதுவாகச் சுட்டுகின்றன. இக்காலச் செய்திகளில் நாட்டின் பொருளாதாரத்துக்கும் அதுவே பெயர்.

'ஓஃபோ நா ஓகு' இவ்விரண்டினும் வேறானது. ஓஃபோ என்பது டெட்டாரியம் இனத்து மரத்தின் கிளைத்துண்டு; முன்னோரைச் சாட்சியாக்கிக் குலமூத்தோர் கையில் ஏந்துவதும், பிரார்த்தனையை உறுதிசெய்யத் தரையில் தட்டுவதும் அதுவே. ஓகு என்பது தன்பால் குற்றமில்லை என்று வழக்குரைப்போன் கொள்ளும் தார்மிக உரிமை. நியாயமற்றவன் கையில் அதிகாரச் சின்னம் பயன்படாது என்னும் கொள்கை நிலைபெறவேண்டுமாயின், இவ்விரு சொற்களும் ஒன்றில் ஒன்று கரையாது தனித்தனியே நின்றாக வேண்டும்.

இப்பாகுபாடு, கடவுட்பெயராகிய 'சினேகே' பற்றிய விவாதத்துக்கும் துணையாகும். தாழ்ந்த தொனியில் 'நா' உம்மை. உயர்ந்த தொனியில் அதுவே துணைவினை. ஆகவே அப்பெயர் 'சியும் எக்கேயும்' என இரு தெய்வத் தத்துவங்களைக் குறித்ததா, 'படைக்கின்ற சி' என ஒருவனையே குறித்ததா என்பது வினா. இக்போ எழுத்தாளர் சினுவா அச்செபே, 1975-இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியில் இதனை ஆராய்ந்துள்ளார். இணைச்சொற்கள் மலிந்த மொழியில் முதற்பொருள் அசம்பாவிதமன்று. ஆயினும், அமைப்பின் ஒப்புமையொன்றே சான்றாகாது. கிறிஸ்தவ வேதாகம வழக்கில் ஒருமைப்பொருள் நிலைபெற்றமையும் அதன் தொன்மைக்குச் சான்றாகாது.

1961-இல் வகுக்கப்பட்ட ஓன்வு எழுத்துமுறை இக்போவுக்குப் பொதுவரிவடிவம் தந்தது. எனினும், அச்சிடும் வழக்கில் தொனிக்குறிகள் பெரும்பாலும் விடுபடுகின்றன. ஆதலின், அகராதி செய்வோர் இவ்விணைகளைத் தனிச்சொற்களின் கீழ் உதாரணமாக ஒதுக்காமல், தனித்தலைப்பாக நிறுத்தி, தொனியையும் பொருள் பிறக்கும் முறையையும் உடன் குறித்தல் இன்றியமையாத கடமையாகும்.