டிரெயின் போல்ட் மரைச் சீரமைப்பு (மோட்டார் சைக்கிள்)

எஞ்சினின் அடியில் பழைய ஆயிலை வடிக்க உதவும் போல்ட்டின் துளையில் மரை தேய்ந்தோ பிய்ந்தோ போகும்போது, அத்துளையை மீண்டும் போல்ட் பிடிக்கும்படி செய்யும் பட்டறை வேலை. பேச்சுவழக்கில் ‘டேப் அடிப்பது’, ‘புஷ் போடுவது’ எனப்படும். போல்ட் எஃகு, துளை இருக்கும் கிராங்க் கேஸோ வார்ப்பு அலுமினியம். அதனால் சேதம் பெரும்பாலும் கேஸுக்கே நேர்கிறது.

மரை அளவுகளின் வரலாறு: 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இங்கிலாந்தின் ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றிய அளவில் மரை வெட்டியது. ஓரிடத்துப் போல்ட் வேறோரிடத்து நட்டில் ஏறாது. இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியவர் மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த். 1841இல் அவர் 55 பாகைக் கோணத்தையும், இன்ன விட்டத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்ற கணக்கையும் வகுத்தார். பிலடெல்ஃபியாவின் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகையை முன்வைத்தார். வெட்டவும் அளக்கவும் அதுவே எளிது. 1898இல் சூரிக்கில் கூடிய மாநாடு மெட்ரிக் மரைக்கும் 60 பாகையையே ஏற்றது. பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களோ விட்வொர்த் வழிவந்த அளவுகளோடு, சைக்கிள் தொழிலிலிருந்து வந்த, அங்குலத்துக்கு 26 மரை என்ற நுண்ணளவையும் கையாண்டன.

1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் தயாரானபோது அந்த அங்குல அளவுகளும் கூடவே வந்தன. அடுத்த ஆண்டே இந்தியா மெட்ரிக் அளவைச் சட்டம் இயற்றியது. பழைய வண்டிக்குக் கடையில் கிடைத்த மெட்ரிக் போல்ட்டைப் போடும் பழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது. 26 மரை அளவில் இரு மரைகளுக்கு இடைவெளி 0.977 மி.மீ.; மெட்ரிக்கில் அதற்கு நெருங்கியது 1 மி.மீ. முதல் சில சுற்றுகள் தடையின்றி ஏறும், பிறகு இறுகும். போல்ட் உட்கார்ந்துவிட்டதாக எண்ணி ஸ்பானரை மேலும் தள்ளினால் மரை பிய்ந்துவிடும்.

காரணங்கள்: 100 சிசி வண்டிகளில் பரவலாக உள்ள 12 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். கால் மீட்டர் நீள ஸ்பானரின் முனையில் பத்துக் கிலோ அழுத்தம்தான் அது. கசிவுக்குப் பயந்து இன்னும் கால் சுற்று முடுக்குவதே முதற்காரணம். ஆயிலைத் தடுப்பது மரையல்ல, போல்ட் தலைக்கும் கேஸுக்கும் நடுவே நசுங்கும் வாஷர். ஆகவே பழைய வாஷரைத் திரும்பப் போட்டுவிட்டு மரையில் டெஃப்லான் சுற்றுவதால் பயனில்லை. கழற்றிய போல்ட்டின் பள்ளங்களில் அலுமினியச் சுருள் பளபளவென்று ஒட்டி வந்தால் துளையின் மரை போய்விட்டதென்று அறியலாம்.

சீரமைக்கும் முறைகள்: முதல் ஓரிரு மரை மட்டும் மடங்கியிருந்தால் அதே அளவு டேப்பை (மரை வெட்டும் கருவி) ஓட்டினால் சரியாகும். தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் ஓவர்சைஸ் போல்ட் ஊர் போய்ச் சேர உதவும். கோணலாக ஏறிவிட்டால் கேஸில் விரிசல் விடும். ஹெலிகாயில் முறையில் துளையைப் பெரிதாக்கி, துருப்பிடிக்கா எஃகுக் கம்பிச்சுருளைப் பதிக்கிறார்கள். ஒருமுறை பூட்டினால் நெடுநாள் கழற்றாத இடங்களுக்கு அது சிறந்தது. ஒவ்வோர் ஆயில் மாற்றத்துக்கும் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்கோ, கம்பி போல்ட்டோடு வெளியேறிவிடக்கூடும் என்பதால், உள்ளும் புறமும் மரை வெட்டிய முழு புஷ்ஷே ஏற்றது. புஷ்ஷின் விளிம்பு வாஷர் அமரும் தளத்துக்கு மேலே துருத்தக் கூடாது. கேஸ் உடைந்திருந்தால் மட்டுமே ஆர்கன் வெல்டிங். அதன் சூட்டில் கேஸ் கோணுவதுண்டு.

டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவி, அரைச்சுற்று முன்னும் கால்சுற்று பின்னுமாகத் திருப்பி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். அலுமினியத் துகளைக் காந்தம் இழுக்காது. எனவே வேலை முடிந்ததும் மலிவான ஆயிலை ஊற்றி, துளை வழியே ஓடவிட்டுக் கழுவுவது கட்டாயம். இதைச் செய்யாமல் விட்டால் துகள் ஆயில் பம்ப்புக்குப் போய், மரையைவிடப் பெரிய செலவு வைக்கும்.

இன்று புஷ் செட்டுகள் இணையக் கடைகளிலும் விற்கின்றன. மின்சார ஸ்கூட்டர்களில் எஞ்சின் ஆயிலும் இல்லை, அதை வடிக்கும் போல்ட்டும் இல்லை.