ஆணியில் தொங்கிய சாவி

கோவை கோட்டைமேட்டில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில், வெளியே கிளம்பினால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவோம். அந்த வழக்கம் செத்துப்போய்விட்டது. அதற்காக அழுதவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை.

பக்கத்து வீடு, பாய்வீடு. அவர்கள் கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் கறுப்புக் கயிறு கட்டிய எங்கள் சாவி தொங்கும். அவர்கள் சாவி எங்கள் சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பின்னால். சிறுவாணித் தண்ணீர் நேரங்கெட்ட நேரத்தில் வரும். நாங்கள் இல்லாவிட்டால் பாய்வீட்டம்மா கதவைத் திறந்து எங்கள் குடங்களையும் பிடித்து வைத்துவிடுவார். நோன்பு நாட்களில் மத்தியானம் அவர் அசந்து படுத்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் நான் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓசைப்படாமல் போய்ச் சாவியை எடுத்துக்கொள்வேன். கேட்டு எடு என்று யாரும் சொன்னதில்லை.

எல்லாம் நன்றாக இருந்தது என்று பூசி மெழுக மாட்டேன். ஊர்வல நாட்களில் இரண்டு வீட்டிலும் பிள்ளைகளை வெளியே விட மாட்டார்கள்.

1997 நவம்பர் 29 இரவு உக்கடத்தில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். தொடர்ந்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். ஒப்பணக்காரத் தெருவில் கடைகள் எரிந்தன. 1998 பிப்ரவரி 14-இல் நகரெங்கும் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் போயின.

அதற்குப் பிறகும் சாவி ஆணியில்தான் இருந்தது. அதைக் கழற்ற வைத்தது, "இன்னுமா அங்கயே இருக்கீங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வி. இந்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. வேறு பக்கம் குடியிருக்கப் பயந்த முஸ்லிம்கள் உள்ளே வந்தார்கள். எரிந்த கடைகளைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். சத்தமில்லாமல் நடந்த இந்த இடமாற்றத்தை யாராலும் சரிசெய்ய முடியவில்லை. அப்பாவும் பயந்தார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. வருத்தம் இன்னும் தீரவில்லை.

சாமான் ஏற்றிய வண்டி புறப்படும்போது அம்மா கதவைப் பூட்டிவிட்டு, சாவியோடு வாசலில் நின்றார். வீட்டுக்காரர் சாயங்காலம்தான் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"குடுத்துட்டுப் போங்கக்கா, அவரு வந்தா நான் குடுத்தர்றேன்" என்று பாய்வீட்டம்மா கையை நீட்டினார்.

அம்மா கொடுத்தார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, அவர்கள் வீட்டுச் சாவியையும் அதே கையில் வைத்தார்.