60,000 உயிர்களும் அஞ்சே அஞ்சு ஆராய்ச்சியும்

கொஞ்சம் சீரியஸ் பதிவு மக்களே. அமெரிக்க மருத்துவத்துல கறுப்பின மக்களுக்கு நடக்கற பாரபட்சத்தைச் சரிசெய்ய நிறைய முயற்சி எடுத்தாங்க. அதெல்லாம் வேலை செஞ்சுதான்னு எதை வெச்சு அளந்தாங்க?

1985-லிருந்து பார்ப்போம். ரீகன் அரசுல சுகாதாரத் துறையைக் கவனிச்ச மார்கரெட் ஹெக்லர் ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. வெள்ளையர்களோட இறப்பு விகிதமே கறுப்பின, சிறுபான்மை மக்களுக்கும் இருந்திருந்தா, வருஷத்துக்குச் சுமார் 60,000 மரணங்கள் நடந்தே இருக்காதுங்கறது அதோட கணக்கு.

அடுத்து 2003. இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 'அன்ஈக்வல் ட்ரீட்மென்ட்'னு ஒரு புத்தகம் போட்டது. நூத்துக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிகளைச் சலிச்சு அவங்க சொன்னது: வருமானமும் காப்பீடும் ஒரே மாதிரி இருந்தாக்கூட சிறுபான்மையினருக்குக் கிடைக்கற சிகிச்சை மட்டம்தான். இதுக்கு அவங்க சொன்ன தீர்வுகள்ல ஒண்ணு, பல பண்பாட்டு மக்களையும் புரிஞ்சு நடந்துக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி.

சரி, பயிற்சி கொடுத்தாச்சு. நோயாளி தேறினாரா?

2014-ல காக்ரேன் அமைப்பு இதைத்தான் தேடினது. ஒரே கேள்வியைப் பத்தி வந்த தரமான ஆராய்ச்சிகளை எல்லாம் ஒண்ணாக் கொட்டி எடைபோடறது அவங்க வேலை. இந்தக் கேள்விக்கு அவங்க சல்லடையில தங்கினது அஞ்சே அஞ்சு ஆராய்ச்சி! நோயாளிக்குப் பலன் உண்டுன்னு அடிச்சுச் சொல்ல ஆதாரம் பத்தலைன்னு முடிச்சுட்டாங்க. இதைப் 'பயிற்சி வேஸ்ட்'னு படிக்கக்கூடாது. யாரும் ஒழுங்கா அளந்தே பார்க்கலைங்கறதுதான் அர்த்தம். நம்ம ஆபீஸ்ல ட்ரெயினிங் முடிச்சதுக்கு டிக் போட்டுட்டா பக் சரியாயிடுமா என்ன? :-)

அளந்து பார்த்த ஒரு உதாரணமும் இருக்கு. லாஸ் ஏஞ்சலஸ்ல ரொனால்ட் விக்டர்ங்கற மருத்துவர் 52 முடிதிருத்தும் கடைகளுக்குப் போனார். ரத்த அழுத்தம் எகிறியிருந்த 319 கறுப்பின ஆண்கள். பாதிக் கடைகள்ல மருந்தாளுநரே வந்து மருந்து கொடுத்தார். மீதிக் கடைகள்ல முடிதிருத்துபவர் அறிவுரை மட்டும் சொன்னார். ஆறு மாசத்துல மருந்தாளுநர் வந்த பக்கம் மேல் அழுத்தம் சராசரியா 27 புள்ளி இறங்கினது. அறிவுரைப் பக்கம் 9 புள்ளிதான். 2018-ல முடிவு வெளியாச்சு. இங்கே அளந்தது நோயாளியோட ரத்த அழுத்தத்தை, டாக்டரோட மனசை இல்ல.

2024-ல அமெரிக்க தேசிய அகாடமிகள் 2003 புத்தகத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு அறிக்கை போட்டாங்க. இருபது வருஷத்துல பெருசா முன்னேற்றம் இல்லையாம். வழி தெரியாம இல்ல, தெரிஞ்ச வழியைப் பரவலாக்கலைன்னாங்க.

பாரபட்சம் இருக்குன்னு நிரூபிக்கற ஆராய்ச்சிகள் நூத்துக்கணக்குல. ஒரு பெரிய தீர்வை நோயாளி மேல அளந்து பார்த்தது அஞ்சு. 1985-லயே நோய் என்னன்னு தெரியும். மருந்து வேலை செய்யுதான்னு பார்க்கத்தான் யாருக்கும் அவசரம் இருக்கல. அந்த 60,000 பேருக்கு அவசரம் இருந்துச்சு.

இனி இப்படி ஒரு திட்டத்தைப் பத்திப் படிச்சா, எத்தனை பேருக்குப் பயிற்சின்னு பார்க்காம, எத்தனை பேர் பிழைச்சாங்கன்னு தேடிப் பாருங்க. நீங்க என்ன சொல்றீங்க?