நெய்தலிலிருந்து குறிஞ்சிக்கு ஏறிய படகு

கோடைக்கானலுக்குச் செல்லும் எவரும் ஏரியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், சுமார் 60 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் அந்த நீர்ப்பரப்பு இயற்கையாய் அமைந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அன்று. மதுரைக் கலெக்டராயிருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863ஆம் ஆண்டில் ஓடைகளை மறித்துக் கரையெழுப்பித் தேக்கிய நீர் அது. தேக்கியவர் அதில் மீன் விட்டார். மீன் விட்டவருக்குப் படகும் விட ஆசை வந்தது. அந்த ஏரியின் முதல் படகு எங்கிருந்து வந்தது தெரியுமா? தூத்துக்குடியிலிருந்து!

சுற்றுலாக் கையேடுகள் இச்செய்தியை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த இடத்திற்கு நகர்ந்துவிடுகின்றன. தூத்துக்குடிக்காரனாகிய எனக்கு அவ்வளவு எளிதில் நகர முடியவில்லை. திணை மயங்கலாம், ஆனால் நிலம் மயங்குவதில்லை என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. லெவிஞ்ச் துரை அகத்திணையியல் படித்தவரல்லர். நெய்தல் நிலத்துப் படகைத் தூக்கிக் குறிஞ்சியின் நடுவில் மிதக்கவிட்டுவிட்டார்.

அந்தப் படகு எப்படி மலையேறியிருக்கும் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று நாம் பேருந்தில் வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு பெரியகுளத்துப் பக்கமிருந்து செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதைதான். துரைமார் குதிரையில் ஏறினார்கள். துரைசானிகளும் குழந்தைகளும் டோலியிலும் நாற்காலியிலும் அமர, ஆட்கள் சுமந்தார்கள். பியானோவானாலும் படகானாலும் மனிதத் தோளே வாகனம். ஆங்கிலேயர் அப்பாதைக்கு இட்ட பெயர் ‘கூலி காட்’. சுமந்தவர்களுக்கு வரலாற்றில் கிடைத்த பெயர் அது ஒன்றுதான். கோக்கர் என்ற இராணுவ அதிகாரி நடக்கப் பாதை அமைத்தார். இன்றும் அது கோக்கர் நடை. லெவிஞ்சை ஏரியோடு சேர்த்து எல்லோரும் நினைக்கிறார்கள். படகைத் தோளில் ஏற்றியவர் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

கோடைக்கானல் ஊரானதே வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சியவர்களால்தான். யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்து பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், அடுத்தடுத்துத் தங்கள் குடும்பத்தாரைப் பறிகொடுத்தார்கள். சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. இறுதியில் 1845இல் பழனி மலைமீது இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். ஊர் அங்கிருந்து வளர்ந்தது. (அதற்கு முன் அங்கு யாருமே இல்லை என்று பொருளன்று. பளியர்களும் புலையர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் முந்தையோர் எழுப்பிய கல்திட்டைகள் இன்றும் இருக்கின்றன. ‘காலனியப் பாரம்பரிய நகரம்’ என்று விளம்பரம் செய்வோர் இவற்றையும் ஒரு வரி சேர்த்தால் குறைந்துவிட மாட்டார்கள்.)

இனி நம் கரைக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடப்பது இரு பருவமழைகளுக்கும் இடையே கடல் அமைதியாகக் கிடக்கும் பங்குனி, சித்திரை மாதங்களில். மலைவாசத்தலங்களின் ‘சீசன்’ தொடங்குவதும் ஏறக்குறைய அதே வேளையில்தான். மேலே அவர்கள் குளிருக்குக் கணப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது, கீழே பரதவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கிக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த குளிப்புகளில், எடுத்த சிப்பியை மூன்று குவியலாக்குவார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று மூழ்கியவனுக்கு. கொற்கை முத்தைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். கும்பினியாரும் அவர்க்குப் பின் வந்தோரும் கணக்கெழுதினார்கள். முத்து எப்போதும் வேறு எவருக்கோ உரியதாகவே இருந்து வந்திருக்கிறது. அரசு நடத்திய அந்தப் பழைய குளிப்பும் 1961ஆம் ஆண்டோடு முடிந்தது.

இந்தக் கரையையும் அந்த மலையையும் தம் வாழ்வால் இணைத்தவர் ஒருவர் உண்டு. தமிழ் படித்த எவரும் அவரைக் கடந்து வந்திருக்க முடியாது. இராபர்ட் கால்டுவெல். அயர்லாந்தில் 1814இல் பிறந்து, 1838 சனவரியில் சென்னையில் இறங்கியவர், 1841இல் அங்கிருந்து கால்நடையாகவே புறப்பட்டார். கும்பகோணம், தஞ்சை, திருச்சி, கோவை என்று நடந்து நீலகிரி ஏறினார். உதகையில் குருப்பட்டத்தின் முதற்படியைப் பெற்று, மீண்டும் இறங்கி மதுரை வழியாக நெல்லைச் சீமைக்கு வந்தார். அவ்வாண்டின் இறுதியில் அவர் வந்து தங்கிய ஊர் இடையன்குடி. செந்நிறத் தேரி மணலும் பனையும் வெயிலும் அன்றி வேறொன்றும் இல்லாத ஊர். அங்கிருந்துகொண்டுதான் 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திற்கான அறிவைச் சேர்த்தார்.

நம் கடற்கரைக்கு அவர் செய்தது அதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பேன். 1870களில் கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்தவர் அவர். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ள, துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கும், பின்னர் தூத்துக்குடிக்கும் இடம்பெயர்ந்த கதையை ஒழுங்குபடச் சொன்னவரும் அவரே. மார்க்கோ போலோ குறிப்பிட்ட ‘காயில்’ நம் பழைய காயல்தான் என்று நிறுவினார். 1881இல் வெளியான அவருடைய திருநெல்வேலி வரலாற்றைப் புரட்டாமல் இன்றும் இக்கரையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவது கடினம். அவர் எழுதியவை அனைத்தும் போற்றத்தக்கவை என்று சொல்ல மாட்டேன். 1849இல் சாணார் சமூகத்தைப் பற்றி எழுதிய நூல் அம்மக்களை ஆழமாகப் புண்படுத்தியது. எதிர்ப்பு பல ஆண்டுகள் ஓயவில்லை. ஒப்பிலக்கணத்தைக் கொண்டாடுவோர் இதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1877இல் ஆயரானார். 1883இல் தம் கல்லூரியைச் சாயர்புரத்திலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். அவர் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் நகரில் இருக்கிறது. உடல் தளர்ந்த பிற்காலத்தில் கோடைக்கானல் அவருக்கு அடைக்கலமாயிற்று. அங்குள்ள புனித பேதுரு ஆலயம் அவர் முயற்சியில் எழுந்தது. தேரி வெயிலில் நாற்பதாண்டுகளுக்கு மேல் காய்ந்தவர் அந்தக் குளிரை விரும்பியதில் வியப்பில்லை. உழைத்துப் பெற்ற குளிர் அது. 1891 சனவரியில் பொறுப்பைத் துறந்தார். ஆகஸ்டு 28ஆம் நாள் கோடைக்கானலிலேயே மறைந்தார்.

மலையிலேயே அடக்கம் செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. இன்றைய சாலைக் கணக்கில் 300 கிலோமீட்டருக்கும் மேல். மலைச்சாலை இல்லாத காலம். படகு ஏறியதைப் போலவே பெட்டியும் மனிதர் தோளில்தான் இறங்கியிருக்கும். 1847இல் அடிக்கல் நாட்டி, 33 ஆண்டுகள் காத்திருந்து 1880இல் அவர் திறந்துவைத்த தூய திரித்துவ ஆலயத்தின் பலிபீடத்தின் கீழ் அவரை வைத்தார்கள்.

இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு 2011இல் நினைவில்லமாக்கியது. தூத்துக்குடியிலிருந்து செல்வோர் திருச்செந்தூர் வழியாகப் போகலாம், வழியெல்லாம் தேரி. கோடை விடுமுறையில் மலைக்குப் போகத் திட்டமிடும் நண்பர்கள், போகும்போதோ வரும்போதோ ஒரு பகற்பொழுதை இங்கும் கழிக்கலாம். வெயில் கடுமையாக இருக்கும். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.