கல்லாப்பெட்டி யார் கையில்?

ஆக்லாந்தில் இருக்கும் தங்கை குடும்பம் பள்ளி விடுமுறைக்கு ரோட்டோருவா போய்வந்தார்கள். ஜெய்ப்பூரில் இருக்கும் எனக்கு வீடியோ வந்து சேர்ந்தது. பஸ்ஸில் வந்த பயணிகளில் ஒருவரையே "தலைவர்" என்று தேர்ந்தெடுத்து முன்னால் நிறுத்துகிறார்கள். மாவோரி வீரர் ஒருவர் ஈட்டியோடு கண்ணை உருட்டி, நாக்கை நீட்டிக்கொண்டு பாய்ந்து வருகிறார். தரையில் ஒரு இலையைப் போடுகிறார். பயணித் தலைவர் அதைப் பணிவாக எடுத்தால் சமாதானமாக வந்திருக்கிறோம் என்று அர்த்தம். பிறகு மூக்கோடு மூக்கு வைக்கும் ஹோங்கி வணக்கம், ஆட்டம், பாட்டு, குழிக்குள் சூடான கற்களை வைத்துச் சமைக்கும் ஹாங்கி விருந்து. மாப்பிள்ளை போனில் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "எல்லாம் டூரிஸ்ட்டுக்குப் போடுற வேஷம் மச்சான்."

எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. இங்கே ஜெய்ப்பூர் ஓட்டல்களில் மாலையானால் பார்க்கிறோமே, அதே மாதிரி. ஆனால் ரோட்டோருவாவின் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், இந்த "வேஷத்துக்கு" ஏறக்குறைய 150 வயது. ஒரு நாட்டின் சுற்றுலாத் துறையே அங்கிருந்துதான் வளர்ந்திருக்கிறது.

ரோட்டோமஹானா என்ற ஏரிக்கரையில் அந்தக் காலத்தில் இரண்டு அதிசயங்கள் இருந்தன. சிலிக்கா கலந்த வெந்நீர் வழிந்து வழிந்து படிப்படியாக உறைந்த தடாகங்கள். ஒன்று வெள்ளை, பெயர் தே தராத்தா. இன்னொன்று இளஞ்சிவப்பு, ஓதூகாபுவாராங்கி. 1870இல் விக்டோரியா ராணியின் மகன் ஆல்ஃபிரட் இளவரசரே வந்து பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு கேட்கவா வேண்டும்! கப்பல் ஏறி வெள்ளைக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள்.

அந்த நிலம் தே அராவா மக்களில் ஒரு பிரிவான தூஹோவுராங்கி இனக்குழுவுடையது. அவர்கள் தே வைரோவா என்ற கிராமத்தில் இருந்துகொண்டு தொழிலைக் கச்சிதமாக நடத்தினார்கள். தராவேரா ஏரியைக் கடக்கப் படகுக் கூலி, வழிகாட்டிக்குக் கூலி, தடாகத்தைப் பார்க்கக் கட்டணம், படம் எடுக்கவும் வரையவும் தனிக் கட்டணம், ராத்திரி ஹாக்கா ஆட்டம் பார்க்க இன்னொரு கட்டணம். சோஃபியா ஹினேராங்கி, கேட் என்ற இரண்டு பெண்கள் அந்தக் கால வழிகாட்டிகளில் பேர்போனவர்கள். 1881இல் ஹினேமிஹி என்று ஒரு கூடும் மண்டபம் கட்டினார்கள். வழக்கமாக மரச்சிற்பங்களின் கண்ணுக்குப் பாவா என்ற சிப்பியைப் பதிப்பார்கள். ஹினேமிஹியில் அதற்குப் பதில் தங்க சவரன் நாணயங்களைப் பதித்தார்கள் என்று சொல்வார்கள்.

இதுதான் வெள்ளைக்காரப் பயணிகளுக்குப் பொறுக்கவில்லை. "பேராசைக்காரர்கள், பணத்தால் கெட்டுப்போனவர்கள், அசல் மாவோரி இப்படியா இருப்பான்" என்று பத்திரிகைகளிலும் பயணக் குறிப்புகளிலும் புலம்பினார்கள். லண்டனில் நாடகக் கொட்டகைக்கு டிக்கெட் வாங்குகிறவர், மாவோரி மட்டும் இலவசமாக ஆடினால்தான் அசல் என்று நினைக்கிறார்! அந்தக் காசில் சாராயமும் கிராமத்துக்குள் நுழைந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விலையை நிர்ணயித்தது யார் என்பதுதான் என் மாதிரி கணக்குப் பிள்ளைக்கு முதலில் கண்ணில் படுகிறது. நிலக்காரர்களே நிர்ணயித்தார்கள்.

பக்கத்தில் ரோட்டோருவா ஊரில் நடந்தது வேறு கதை. 1880இல் நீதிபதி ஃபென்டன் என்பவர் நாத்தி ஃபகாவுவே மக்களோடு ஒரு ஒப்பந்தம் போட்டார். நிலம் அவர்களுடையதாகவே இருக்கும், ஊர் மனைகளை 99 வருடக் குத்தகைக்கு விடுவோம், அரசாங்கம் உங்கள் ஏஜெண்டாக இருந்து வாடகை வசூலித்துத் தரும் என்று ஏற்பாடு. அடுத்த வருடம் வெந்நீர் ஊற்று மாவட்டங்கள் சட்டம் வந்தது. 1882இல் ஏலம் நடந்தது, நல்ல தொகைக்கே கேட்டார்கள். கேட்டவர்கள் பலர் வாடகை கட்டவில்லை. எங்கள் பாஷையில் சொன்னால் அத்தனையும் வாராக்கடன். வசூலித்துத் தர வேண்டிய ஏஜெண்ட் என்ன செய்தார்? பத்தே வருடத்தில் அந்த நிலத்தைத் தானே சல்லிசாக வாங்கிக்கொண்டார். எந்தத் தணிக்கையாளரிடமாவது இந்தக் கணக்கைக் காட்டிப் பாருங்கள்.

தே வைரோவாவின் முடிவு இயற்கையின் கையில் இருந்தது. 1886 ஜூன் 10 அதிகாலையில் தராவேரா எரிமலை வெடித்தது. சுமார் 120 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மாவோரிகள். தடாகங்கள் போயின, கிராமம் சேற்றிலும் சாம்பலிலும் புதைந்தது. சோஃபியாவின் வீட்டுக் கூரை சரிந்த வாட்டத்தில் உறுதியாக இருந்ததால் அங்கே ஒண்டிய அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். ஹினேமிஹிக்குள் புகுந்தவர்களும் பிழைத்தார்கள். அந்த மண்டபத்தை 1892இல் அப்போதைய கவர்னர் ஆன்ஸ்லோ பிரபு 50 பவுனுக்கு வாங்கி, இங்கிலாந்தில் தன் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். (நம் தமிழ் மணி கதை தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. உடைந்த கப்பல் மணி ஒன்றில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி, ஒரு இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். அதில் இருந்தது தமிழ் எழுத்து என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது வெலிங்டன் தே பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) ஹினேமிஹியின் சிற்பங்களைத் திருப்பித் தர 2019இல்தான் பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. பதிலுக்குப் புதுச் சிற்பங்கள் செதுக்கித் தருவது என்று பேச்சு.

நிற்க. எரிமலைக்குப் பிறகு தூஹோவுராங்கி மக்களில் பலர் ஃபகரேவரேவா என்ற வெந்நீர்ப் பள்ளத்தாக்குக்கு, உறவுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். சோஃபியாவும் போனார், அங்கேயும் வழிகாட்டியானார். 1890களில் பள்ளத்தாக்கின் ஒரு பெரும்பகுதியை அரசாங்கம் வாங்கிவிட்டது. 1901இல் அரசாங்கமே சுற்றுலாத் துறை ஒன்றைத் தொடங்கியது. உலகிலேயே முதல் அரசுச் சுற்றுலாத் துறை அதுதான் என்பார்கள். அந்தத் துறை செய்த வேலைகளில் ஒன்று, மரக்கோட்டை சூழ்ந்த ஒரு மாதிரிக் கிராமம். நிஜமான மாவோரி கிராமம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே பொம்மைக் கிராமம்! நிஜக் கிராமத்தில் தகரக் கூரையும் கோட்டு போட்ட ஆண்களும் இருந்தார்கள், பயணிக்கு அது படத்தில் சரியாக வராது அல்லவா.

சிற்பிகளுக்கும் இதே கதி. தெனே வைத்தேரே என்று ஒரு மகா சிற்பி. ஹினேமிஹியில் வேலை செய்தவர். ரோட்டோருவாவில் ஓட்டல் நடத்திய நெல்சன் என்பவருக்காக ராவுரு என்ற மண்டபத்தைச் சக சிற்பிகளோடு செதுக்கினார். நெல்சன் அதை 1904இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார், இன்றும் அங்கேதான் இருக்கிறது. தெனே புதுப் பாணிகளை முயன்று பார்க்கிற ஆள். ஆனால் அருங்காட்சியக நிபுணரான ஹாமில்டன் என்ற வெள்ளைக்காரர் மாவோரிக் கலை பற்றிப் போட்ட புத்தகம்தான் அரசு வேலைகளுக்கு அளவுகோல் ஆனது. அதில் உள்ள மாதிரி செதுக்கினால்தான் "அசல்". பரம்பரைச் சிற்பிக்கு அவர் பரம்பரைக் கலையை வெளியாள் புத்தகத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பணத்துக்காக ஆடியதைவிட எனக்கு இதுதான் பெரிய சேதமாகப் படுகிறது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் மாகெரெட்டி. சோஃபியாவுக்கு அடுத்த தலைமுறை வழிகாட்டி. ஒரு பயணி "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்க, சட்டென்று பக்கத்தில் இருந்த பாபகுரா என்ற வெந்நீர் ஊற்றின் பெயரைச் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அவர் உலகத்துக்கு மேகி பாபகுரா. டூரிஸ்ட்டுக்காகச் சொன்ன பெயர், குடும்பத்தில் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. 1901இல் பிரிட்டிஷ் இளவரசர் தம்பதிக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார். 1911இல் ஒரு குழுவை லண்டனுக்கே அழைத்துப் போய் ஆட்டமும் பாட்டும் நடத்தினார். அங்கேயே ஒரு ஆங்கிலேயரைக் கல்யாணம் செய்துகொண்டு, ஐம்பதை ஒட்டிய வயதில் ஆக்ஸ்போர்டில் மானுடவியல் படிக்கச் சேர்ந்தார். எழுதியது தன் சொந்த மக்களின் பழைய வாழ்க்கையைப் பற்றி: கல்யாணம், பிரசவம், சாப்பாடு, வீடு. ஊர்ப் பெரியவர்கள் சம்மதித்ததை மட்டுமே எழுதுவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். 1930இல், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கச் சில வாரங்களே இருக்கும்போது இறந்துபோனார். 1938இல் அது புத்தகமாக வந்தது. பட்டம் 2025இல்தான் கிடைத்தது, மறைவுக்குப் பின்.

தினமும் பயணிகளுக்கு "காட்சி" காட்டியவர்தான் இவர். வேஷம் போட்டதால் அசல் கரைந்துபோயிருந்தால் இந்தப் புத்தகம் எங்கிருந்து வந்தது?

இன்னும் இரண்டு உதாரணம். 1922இல் தே புவேயா ஹெராங்கி என்ற தலைவி ஒரு கலைக்குழு அமைத்து ஊர் ஊராக டிக்கெட் போட்டு ஆடவைத்தார். வசூல் எல்லாம் நாருவாவாஹியாவில் தூரங்காவேவே என்ற மராயே (மாவோரிகளின் ஊர்ச்சபை வளாகம்) கட்டப் போனது. இன்று மாவோரி அரசர் மரபின் தலைமை இடம் அது. அடுத்தது, அபிரானா நாட்டா போராடிக் கொண்டுவந்த 1926ஆம் வருடச் சட்டமும், மறுவருடம் ரோட்டோருவாவில் திறந்த சிற்பப் பள்ளியும். பல பகுதிகளில் செதுக்கத் தெரிந்தவர்களே அருகிப்போயிருந்தார்கள். ரோட்டோருவா பக்கத்துச் சிற்பிகளுக்கு மட்டும் ஓட்டல்காரர்களும் அரசும் பயணிகளும் தந்த வேலையால் கை மறக்காமல் இருந்தது. தெனேயின் அதே நாத்தி தராஃபாய் வம்சத்தைச் சேர்ந்த எராமிஹா காபுவா போன்றவர்கள் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பள்ளியில் படித்தவர்கள் பிறகு நாடு முழுக்க மண்டபங்கள் செதுக்கினார்கள். விற்பனைக்குச் செதுக்கிய கைதான் வழிபாட்டுக்குரியதையும் காப்பாற்றியிருக்கிறது.

எல்லாம் சுபம் என்று சொல்ல வரவில்லை. 1970களில் ஏர் நியூசிலாந்து, புனிதமான டிக்கி உருவத்தைப் பச்சை பிளாஸ்டிக்கில் செய்து பயணிகளுக்கு இனாமாகக் கொடுத்தது. ரக்பி அணி 1905இல் இருந்து ஆடிப் பிரபலமாக்கிய "கா மாத்தே" ஹாக்கா, தே ரவுபராஹா என்ற தலைவர் இயற்றியது. அவருடைய நாத்தி தோவா மக்களின் பெயரைச் சொல்லித்தான் வணிகரீதியாகப் பயன்படுத்த வேண்டும் என்று 2014இல் சட்டம் வந்தது. பெயர் போட வேண்டும், அவ்வளவுதான். ராயல்டி கிடையாது. அசல் மாவோரிக் கலைப்பொருளுக்கு 2002இல் "தோய் இஹோ" முத்திரை கொண்டுவந்தார்கள், 2009இல் அரசு கைகழுவியது. அதை மாவோரிக் கலைஞர்களே எடுத்து நடத்த வேண்டியதாயிற்று.

அதே 2009இல்தான் ஃபகரேவரேவா பள்ளத்தாக்கு நிலம், விற்று நூறு வருடம் கடந்து, பழைய சொந்தக்காரர்களுக்குச் சட்டப்படி திரும்பியது. நிலம் மட்டும். அதன்மேல் இருக்கும் தே புயா என்ற சுற்றுலா மையமும், அரசு 1963ஆம் வருடச் சட்டத்தின் கீழ் அமைத்த மாவோரி கைவினை நிறுவனமும், அதன் சிற்பப் பள்ளியும் அரசிடமே இருந்தன. அவற்றையும் தூஹோவுராங்கி உள்ளிட்ட மக்களிடம் ஒப்படைக்கும் சட்டம் 2020 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. கொரோனாவுக்காக நியூசிலாந்து எல்லையை மூடி அப்போது மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாவி கைக்கு வந்த நாளில் டிக்கெட் வாங்க ஒரு வெளிநாட்டுப் பஸ்கூட வாசலில் இல்லை. எல்லைகள் மறுபடி திறக்க 2022 ஆயிற்று.