மதகில் கிடந்த கல்லும் எமது பிள்ளைகளின் பாடத் தெரிவும்



சாதாரண தரப் பெறுபேறு வந்துவிட்டால் எமது ஊரில் இரண்டு கிழமைக்கு ஒரே பேச்சுத்தான். யார் பயோ, யார் மெத்ஸ், யார் கொமர்ஸ். மிச்சம் இருப்பவர்கள் ஆட்ஸ். இந்த "மிச்சம்" என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் எழுத நினைத்தோம். பதிவு நீளம்தான். பொறுமையோடு வாசியுங்கள்.

போன கிழமை ஒரு வாப்பா பாடசாலைக்கு வந்தார். மகளுக்கு எட்டு ஏ, ஒரு பி. அவளோ வரலாறும் அறபும் தமிழும்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். "சேர், கல்லையும் மண்ணையும் படிச்சி இவள் என்ன செய்யப் போறாள்? நீங்க கொஞ்சம் சொல்லி விளங்கப்படுத்துங்க" என்றார். நல்ல மனிதர். பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துத்தான் கேட்டார். ஆனால் அந்த நேரம் நாம் சொன்ன பதில் அரைகுறையாகவே இருந்தது. அவர் கல் என்று சொன்னதால், ஒரு கல்லின் கதையையே பதிலாக எழுதுகிறோம்.

1911 ஆம் ஆண்டு. காலி நகரில் கிரிப்ஸ் வீதிக்கு அருகில் ஒரு மதகை மூடியிருந்த கற்பலகை ஒன்றை அங்கே பொறியியலாளராக இருந்த டொமலின் என்பவர் கவனித்தார். ஏறக்குறைய நாலேமுக்கால் அடி உயரம், இரண்டரை அடி அகலம், ஐந்து அங்குலத் தடிப்பு. அதில் எழுத்துகள் இருந்தன. அதுவும் ஒரு மொழியில் அல்ல, மூன்று மொழிகளில்: சீனம், தமிழ், பாரசீகம்.

இன்று அந்தக் கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. மிங் பேரரசர் யொங்லேயின் ஆட்சியில், கி.பி. 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டுப் பொறிக்கப்பட்ட கல் அது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பல்களில் இலங்கைக்கு வந்தது. செங் ஹோ யுன்னான் மாகாணத்தில் முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் என்பதை எம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

கல்லில் உள்ள செய்திதான் அதிசயம். சீனப் பகுதி புத்தரைப் புகழ்ந்து காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரை, அதாவது இன்றைய தெவிநுவரவில் கோயில் கொண்டிருந்த விஷ்ணுவைப் புகழ்கிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் இஸ்லாத்தையும் முன்னிறுத்துகிறது. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே காணிக்கைப் பட்டியல்: பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டுகள், வாசனை எண்ணெய். யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்தக் கல்லை "வாசிக்க" எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்று பாருங்கள்.

முதலில் மதகுக் கல்லுக்கும் எழுத்துக் கல்லுக்கும் வித்தியாசம் கண்ட ஒரு பொறியியலாளரின் கண். பிறகு சீனம் படித்தவர். தமிழ்ப் பகுதியை வாசித்து எபிகிராஃபியா செய்லனிக்காவில் வெளியிட்டவர் பேராசிரியர் செனரத் பரணவிதான. தாய்மொழி சிங்களமாக இருந்த ஓர் அறிஞர் பழந்தமிழ்ச் சாசனத்தை வாசித்துத் தந்தார் என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். மூன்றில் மிகவும் தேய்ந்து போனது பாரசீகப் பகுதி. தேய்ந்த எழுத்தை மீட்க மொழி மட்டும் போதாது. கல்லின் தன்மை, உப்புக் காற்று கல்லை அரிக்கும் விதம், ஒளி விழும் கோணம் எல்லாம் தெரிய வேண்டும். சீன ஆண்டைக் கிறிஸ்து ஆண்டாக மாற்ற வானியலும் கணக்கும் வேண்டும். அந்தக் கப்பல்கள் எந்த மாதத்தில் வந்திருக்கலாம், எப்போது திரும்பியிருக்கலாம் என்பதற்குப் பருவக்காற்று தெரிய வேண்டும்.

காணிக்கைப் பட்டியலை மட்டும் பார்த்தால் செங் ஹோ சமாதானத்துக்கு மட்டுமே வந்தவர் என்று முடிவு கட்டிவிடுவோம். ஆனால் அதே செங் ஹோ இங்கே போர் செய்து, இலங்கை ஆட்சியாளர் ஒருவரைச் சிறைப்பிடித்து 1411 இல் சீனாவுக்குக் கொண்டு சென்றதைச் சீன வரலாற்றுப் பதிவுகள் சொல்கின்றன. கல்லையும் ஏட்டையும் சேர்த்து வாசித்தால்தான் உண்மை முழுதாகும். இதற்கு விஞ்ஞானப் பிரிவு வேண்டுமா, கலைப் பிரிவு வேண்டுமா? இரண்டும் இல்லாமல் இந்தக் கல் வெறும் மதகு மூடிதான்.

இது எமக்கு ஏன் முக்கியம்? 1409 இல் சீனத்திலிருந்து வந்தவர்கள் இந்தக் கரையில் யார் யாரிடம் பேச வேண்டும் என்று யோசித்து மூன்று மொழிகளைத் தெரிவு செய்தார்கள். அவற்றுள் ஒன்று அன்றைய முஸ்லிம் வணிகர்களின் மொழி. அதற்கு 65 வருடங்களுக்கு முன்னர், 1344 இல், இப்னு பதூதா இதே கரையால் தெவிநுவரவுக்கும் காலிக்கும் பயணம் செய்து எழுதியிருக்கிறார். அதற்கும் முந்தியது கொழும்பில் கிடைத்த கூஃபி எழுத்துக் கல்லறைக் கல். அதன் ஆண்டு ஹிஜ்ரி 337, அதாவது கி.பி. பத்தாம் நூற்றாண்டு. கேம்பிரிட்ஜின் அறபுப் பேராசிரியர் சாமுவேல் லீ அதை வாசித்து 1827 இல் லண்டனில் வெளியிட்டார். எமது மூதாதையரின் மீஸான் கல்லை எமக்கு வாசித்துத் தந்தவர் ஓர் ஆங்கிலேயர்.

எமது வரலாற்றை நாம் எழுதாவிட்டால் யாராவது எழுதுவார்கள். சிலர் அன்போடு எழுதுவார்கள், சிலர் வேறு தேவைக்கு எழுதுவார்கள். 1888 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்பது அதன் சாரம். அது ஏட்டோடு முடிந்த ஆய்வல்ல. சட்டவாக்க சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி தேவையா என்ற கேள்வி எழுந்திருந்த காலம் அது. அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு 1907 இல் நூலாக வந்தது. யார் சரி, யார் பிழை என்ற வாதத்தை இங்கே திறக்கவில்லை. கவனிக்க வேண்டியது இதுதான்: ஒரு சமூகத்தின் அரசியல் உரிமை மொழியையும் வழக்காறுகளையும் வம்சத்தையும் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையோடு கட்டுப்பட்டிருந்தது. அன்று பதில் எழுத ஒருவர் இருந்தார். இன்று அப்படியொரு கட்டுரை வந்தால் பதில் எழுத எம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? முகநூலில் ஏசுவதற்கு ஆயிரம் பேர் உண்டு. சாசனம் வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

இன்னொரு உதாரணத்துக்குத் தூரம் போகத் தேவையில்லை. அயலூர் காரைதீவுக்குப் போவோம். 1892 இல் அங்கே பிறந்த மயில்வாகனம்தான் பின்னாளில் சுவாமி விபுலானந்தர். அவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர். அதே ஆள் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். வழக்கொழிந்து போன யாழ் என்ற இசைக்கருவி எப்படி ஒலித்திருக்கும் என்று தேடினார். சிலப்பதிகாரம் அவருக்குச் சொற்களைத் தந்தது. நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணிதமும் பௌதிகவியலும் தந்தன. பல வருட உழைப்பு, 1947 இல் யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். தமிழ் மட்டும் தெரிந்தவரோ பௌதிகவியல் மட்டும் தெரிந்தவரோ அந்த நூலை எழுதியிருக்க முடியாது.

அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் தமிழ் படிக்க வந்தவர்களில் ஒருவர் பாணந்துறையைச் சேர்ந்த ம.மு. உவைஸ். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்களிப்பு பற்றிய அவரது முதுமாணி ஆய்வு 1953 இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. காப்பியங்கள், முனாஜாத்துகள், கிஸ்ஸாக்கள், மஸ்அலாக்கள் என்று எமது பெரியவர்கள் எழுதியவை இன்று பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கின்றன என்றால், அதில் உவைஸ் அவர்களின் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. அவரும் "மிச்சம்" பிரிவில் படித்தவர்தான்.

இனி எமது ஊருக்கு வருவோம். இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எமது பழைய பள்ளிவாசலை உடைத்துப் புதிதாகக் கட்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மையவாடி ஓரத்தில் எழுத்துப் பொறித்த மீஸான் கற்கள் நாலைந்து இருந்தன. அறபெழுத்தா, அறபுத்தமிழா என்று யாரும் பார்க்கவில்லை. பெக்கோ வந்த அன்று அவை அத்திவாரக் கிடங்குக்குள் போய்விட்டன. நிர்வாகத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாமும் இதே ஊரில்தான் இருந்தோம். சம்பளம் வாங்கிக்கொண்டு வகுப்பில் வரலாறு படிப்பிக்கும் நாம், கையில் போனை வைத்துக்கொண்டு, ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. காலிக் கல் மதகிலிருந்து வெளியே வந்தது. எமது கற்கள் கொன்கிரீட்டுக்குள் போயின. இனி அவற்றை வாசிக்க யாராலும் முடியாது.

அந்த வாப்பாவின் பயத்தையும் நாம் தள்ளிவிடவில்லை. கலைப் பட்டதாரிகள் தொழில் கேட்டு வீதியில் நிற்பதை எல்லோரும் பார்க்கிறோம். ஆகவே கலைப் பிரிவில் சேரும் பிள்ளைக்கு நாம் சொல்வது இது: ஆங்கிலத்தை விடாதே, சிங்களத்தைச் சரளமாகப் பேசப் பழகு, கணினியில் கை பழகட்டும், அறபையோ பாரசீகத்தையோ ஆழமாகப் படி. விஞ்ஞானப் பிரிவில் சேரும் பிள்ளைக்குச் சொல்வது: உனது ஊரின் கதையைத் தெரிந்துகொள். நாளை நீ பொறியியலாளராக ஒரு மதகடியில் நிற்கும்போது அந்தக் கண் உனக்குத் தேவைப்படும். நில அளவையாளராக இருந்த ஆர்.எல். புரோகியர்தான் எமது பண்டைய குளங்களையும் வாய்க்கால்களையும் பற்றிப் பெரிய நூல் எழுதினார். அளவுச் சங்கிலியோடு காட்டுக்குள் போனவருக்கு வரலாறும் தெரிந்திருந்தது.

ஊராரிடம் சில வேண்டுகோள்கள். உங்கள் வளவிலோ மையவாடியிலோ எழுத்துள்ள பழைய கல் இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டாம், அசிட் ஊற்ற வேண்டாம், சீமெந்து பூச வேண்டாம். அதிகாலையில் சாய்ந்த வெயில் விழும் நேரத்தில், பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்துப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் மறையும் எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு தெரியும். எந்த இடம், எந்தத் திசை பார்த்தது என்று எழுதி வையுங்கள். மூத்தம்மாவின் பெட்டகத்தில் அறபுத்தமிழ் ஏடோ பழைய காணி உறுதியோ நிக்காஹ் பதிவோ இருந்தால் ஈரம் படாமல் வையுங்கள், லெமினேட் செய்ய வேண்டாம். எம்மிடம் காட்டினால் படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம்.

இந்த விடுமுறையில் மையவாடியில் எஞ்சியிருக்கும் கற்களைப் பதிவுசெய்ய ஒரு சிறு குழு அமைக்க இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். அறபு வாசிக்க மௌலவி ஒருவர் வேண்டும். அளந்து வரைபடம் கீற மெத்ஸ் பிள்ளைகள் இருவர் வேண்டும். கல்லில் படர்ந்த பாசியைப் பற்றிச் சொல்ல பயோ பிள்ளை ஒருவர் வேண்டும். முதியவர்களிடம் உட்கார்ந்து கதை கேட்டு எழுத ஆட்ஸ் பிள்ளைகள் வேண்டும். விருப்பமானவர்கள் பெற்றோரின் சம்மதத்தோடு வாருங்கள்.

அந்த வாப்பாவும் இதை வாசிப்பார். முடிவு அவருடையதும் மகளுடையதும். ஆனால் அவள் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் இந்தக் குழுவில் அவளுக்கு ஓர் இடம் உண்டு. முதல் கல்லை அவளே வாசிக்கட்டும்.